பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது அதன் சொந்த என்ஜின்தானா? கண்டுபிடிப்பது எப்படி

ஏற்காட்டில் ஒண்டிக்கடை தாண்டி ஒரு எஸ்டேட் ஷெட்டில் 1957 மாடல் எம்ஜிஏ (இங்கிலாந்தின் எம்ஜி கம்பெனி செய்த ஸ்போர்ட்ஸ் கார்) நிற்கிறது, விலைக்கு வருகிறது என்று புரோக்கர் போன் செய்தார். கூடவே மூன்று போட்டோ: ஆர்சி புத்தகம், சேஸிஸ் தகடு, என்ஜின் தகடு. நம்பர்கள் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பொருந்தின. "மேட்சிங் நம்பர் சார், தமிழ்நாடு பூரா தேடுனாலும் இன்னொண்ணு கெடைக்காது" என்றார். நானும் அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

நல்லவேளையாக, மலை ஏறும்போது சேலம் கோட்டையிலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவரையும் கூட்டிப்போனேன். அறுபது வயதுக்கு மேல், கண்ணாடி போட்டாலும் பாதிதான் தெரியும், காது மட்டும் அபாரம். வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். பாய் பானெட் பக்கம்கூட வரவில்லை, ஷெட் வாசலில் டீ டம்ளரோடு நின்றபடியே, "தம்பி, இது நம்ம டாக்ஸி ஸ்டாண்டு குரலாச்சே" என்றார். நான் சிரித்துவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தேன். என்ஜின் ஓடுகிறது, ஆனால் ஆர்பிஎம் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது.

இந்த முள்ளில்தான் விஷயம் இருந்தது. எம்ஜிஏவில் ஆர்பிஎம் மீட்டருக்குக் கரண்ட் கிடையாது, ஸ்பீடோமீட்டர் மாதிரி அதுவும் கேபிளில் ஓடும். அந்தக் கேபிள் போய்ச் சேருமிடம் டைனமோவின் பின்புறம் இருக்கும் ஒரு சின்ன கியர் பெட்டி. குனிந்து டார்ச் அடித்தால் டைனமோ பின்பக்கம் மொட்டையாக இருந்தது. கேபிள் அறுந்திருக்கவில்லை, பத்திரமாகச் சுருட்டி செம்புக் கம்பியால் ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அறுந்த கேபிள் என்றால் யாரோ கவனிக்காமல் விட்டது. கட்டி வைத்த கேபிள் என்றால், அதற்கு இனி வேலை இல்லை என்று தெரிந்தே ஒருவர் செய்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான். நம்பர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அந்த நம்பர் ஒட்டியிருக்கும் இரும்பு எது என்று பாருங்கள்.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம், அதற்குக் காரணம் உண்டு. 1955இல் வந்த எம்ஜிஏ 1500க்குப் போட்டது பிஎம்சியின் (எம்ஜியின் தாய்க் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்ஜின், 1489 சிசி. நம் அம்பாசிடரில் (ஆரம்பகால சைடு வால்வ் என்ஜின் போனபிறகு) பல வருஷம் ஓடியதும் அதே பி-சீரிஸ், அதே 1489 சிசி. போர் (சிலிண்டரின் குறுக்களவு) 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9, இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே ஹெட்டைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்தாலும் வித்தியாசம் பிடிபடாது. எம்ஜியில் அதற்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரெஷன், ஆரம்பத்தில் 68 குதிரைத்திறன், பிறகு 72. அம்பாசிடருக்கு ஐம்பது பக்கம்தான். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி, ஒருவன் விளையாட்டுக்காரன், இன்னொருவன் கணக்குப்பிள்ளை. எழுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கிராங்க் வரவழைப்பது என்பது நடக்கிற காரியமில்லை. அதனால் எம்ஜி என்ஜின் போனால் அம்பாசிடர் என்ஜினை இறக்கி ஓட்டினார்கள். அப்படி மாற்றியவர்களை நான் திட்டமாட்டேன், அவர்கள் மாற்றியதால்தான் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் நிற்கிறது. மாற்றியதை மறைத்து முழு விலை கேட்பவரிடம்தான் எனக்குச் சண்டை.

சரி, வேலைக்கு வருவோம்.

கிளம்பும் முன் சேஸிஸ் நம்பரை வாங்கிவிடுங்கள். எம்ஜி, ஆஸ்டின், மோரிஸ், ட்ரையம்ப் வண்டிகளின் தொழிற்சாலைப் பதிவேடுகள் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. பணம் கட்டி சேஸிஸ் நம்பரை அனுப்பினால், அந்த வண்டி எந்தத் தேதியில் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது, முதலில் இறங்கிய என்ஜின் நம்பர் என்ன என்று ஹெரிடேஜ் சர்டிபிகேட் கொடுப்பார்கள். ஆர்சி சொல்வது ஆர்டிஓ ஆபீஸ் எழுதியது. இது வண்டியைச் செய்தவர்களே எழுதியது. இரண்டும் வேறுபட்டால் நான் இரண்டாவதைத்தான் நம்புவேன். அவசரப்படுத்துகிற புரோக்கரிடம் "சர்டிபிகேட் வரட்டும்ங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, பழந்துணி, அரை பாட்டில் மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழைய டூத் பிரஷ், பென்சில், மெல்லிய வெள்ளைத் தாள். எமரி பேப்பரையும் வயர் பிரஷையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம்பர் இருக்கும் இடத்தை எமரி போட்டுத் தேய்த்தால் அழுக்கோடு சாட்சியும் போய்விடும், பிறகு நாளைக்கு நம்பரைத் திருத்தியது நீங்கள்தான் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

எம்ஜிஏவில் என்ஜின் நம்பர் பிளாக்கின் வலது பக்கம், டைனமோவுக்கு மேலே ஒரு தகட்டில் இருக்கும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் எது உங்களுக்கு வலதோ அதுதான் வலது. டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் எல்லாமே அந்தப் பக்கம்தான், கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் எதிர்ப்பக்கம். தகட்டு நம்பரின் முன்னெழுத்தைப் பாருங்கள். 15ஜிபி அல்லது 15ஜிடி என்று இருந்தால் எம்ஜிஏ 1500. 16ஜிஏ என்றால் பிறகு வந்த 1588 சிசி, 16ஜிசி என்றால் 1622 சிசி. எம்ஜிஏவுக்கு அடுத்து வந்த எம்ஜிபி வண்டியாக இருந்தால் 18ஜி, 18ஜிஏ, 18ஜிபி என்று போய், எழுபதுகளில் 18வி ஆகிவிடும். இதில் ஒரு சின்ன நுணுக்கம்: 18ஜி, 18ஜிஏ இரண்டிலும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று, 18ஜிபி முதல் ஐந்து. 1963 வண்டியில் 18வி தகட்டைக் கண்டால் மேலே பேச ஒன்றுமில்லை, என்ஜின் பின்னால் வந்தது.

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வரி. அதில் நம்பரை பிளாக்கின் மேலேயே அடித்திருப்பார்கள். மார்க் 1, 2க்கு எஃப்சி, மார்க் 3க்கு எஃப்டி. 'ஜி'யில் தொடங்கினால் அது ஹெரால்டு என்ஜின். சென்னையிலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரான நாடு இது, அந்த என்ஜின் ஸ்பிட்ஃபயருக்குள் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்போது தகட்டையே சந்தேகப்படுங்கள். என் கதையில் தகடு அசல்தான், 15ஜிபி, ஆர்சியோடு பொருந்துகிற அதே நம்பர். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அதைப் பிடித்திருக்கும் ஆணியைப் பார்த்தேன். தொழிற்சாலையில் அடித்தது தலை குமிழ் மாதிரி உருண்டு, நடுவில் ஓட்டையில்லாமல் இருக்கும். இங்கே நடுவில் பொத்தல் விழுந்த அலுமினிய பாப் ரிவெட். ஜன்னல் கம்பெனிக்காரர்கள் அடிப்பார்களே, அதேதான். தகடு மங்கிப்போய்க் கிடக்கிறது, ரிவெட் மட்டும் பளபளவென்று இருக்கிறது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தாலி அதேதான், பொண்ணு வேற" என்றார்.

தகடு இல்லாமல் பிளாக்கிலேயே நம்பர் அடித்த வண்டியாக இருந்தால், எழுத்து அடித்த இடம் சுற்றியுள்ள இரும்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த இடம் மட்டும் வழவழப்பாக, கிரைண்டர் கோடு ஒரே பக்கமாக ஓடினால் பழையதை அழித்துவிட்டு அடித்திருக்கிறார்கள். நம்பர் பஞ்ச் செட் செவ்வாய்ப்பேட்டையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஆனால் கையால் அடிக்கும்போது ஒரு எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும், வரிசை கொஞ்சம் ஏறி இறங்கியும் விழும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் தெரிந்துவிடும். ஆர்டிஓ ஆபீஸில் சேஸிஸ் நம்பருக்கு எடுக்கிற அதே பென்சில் பிரிண்ட்தான். இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சாவகாசமாகப் பார்க்கும்போது ஷெட்டில் தெரியாதது தெரியும்.

அப்புறம் சுற்றியுள்ள சாமான்கள். எம்ஜிஏவில் இரட்டை எஸ்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கார்புரேட்டர் உட்கார்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள். இரட்டை எஸ்யூ இருந்தால் உடனே திருப்திப்படவும் வேண்டாம், அதைப் பழைய என்ஜினிலிருந்து கழற்றி இதில் மாட்டிவிடலாம். என் வண்டியில் அதைத்தான் செய்திருந்தார்கள், பார்வைக்கு ராஜா மாதிரி இருந்தது. என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள், பிராக்கெட்டில் புது வெல்டிங் தடமோ கையால் வெட்டிய பட்டையோ இருந்தால் அந்த என்ஜின் அங்கே பிறந்ததில்லை. பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்றும் பாருங்கள். எம்ஜிஏவில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் எர்த். ஒரே 12 வோல்ட் பேட்டரியும் நெகட்டிவ் எர்த்தும் இருந்தால் வயரிங்கில் கை வைத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம், என்ஜின் மாறியதற்கு அது ஆதாரமில்லை. ஆனால் ஒருவர் ஒன்றில் கை வைத்திருந்தால் மற்றதிலும் வைத்திருப்பார்.

பெயின்ட் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது அரை லிட்டர் டப்பா சமாசாரம். சத்தத்தை வைத்தும் வேண்டாம். பாய்க்குச் சரியாக வந்தது, ஐம்பது வருஷம் அம்பாசிடரோடு குடும்பம் நடத்தியவர் அவர். எனக்கு இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது.

எல்லாம் பார்த்தபின் மனதில் மூன்று பெயர்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், புரோக்கர்கள் இவற்றைக் கலந்துதான் பேசுவார்கள். தொழிற்சாலையில் அந்தச் சேஸிஸில் இறங்கிய அதே என்ஜின் இருந்தால் மட்டும் அதற்குப் பெயர் மேட்சிங். வேறொரு எம்ஜிஏவிலிருந்து வந்த 15ஜிபி என்றால் சரியான வகை, ஆனால் மேட்சிங் இல்லை, எத்தனை லட்சம் செலவழித்தாலும் ஆகாது. பிஎம்சியே புதுப்பித்து விற்ற கோல்டு சீல் என்ஜின் என்று ஒன்று உண்டு, தங்க நிறத்தில் பெயின்ட் அடித்து வரும், தகட்டு நம்பரும் வேறு மாதிரி இருக்கும். அதையும் இந்த இரண்டாவது வகையில் சேர்ப்பேன், கௌரவமான மாற்றுதான். மூன்றாவது, வேறு வண்டியின் என்ஜின். அம்பாசிடர் பெட்ரோல், அம்பாசிடர் டீசல், இன்னும் என்னென்னவோ. ஓட்ட நன்றாக இருக்கலாம், விலை மட்டும் வேறு.

பேப்பர் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவின்படி என்ஜின் மாற்ற ஆர்டிஓவின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாறியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்சியோடு போய்ச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் மாற்றிய எவரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பெயர் மாற்றும் நாளில் ஆர்சியில் ஒன்றும் பிளாக்கில் வேறொன்றும் இருந்தால் மாட்டிக்கொண்டு நிற்பது நீங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே இறங்கிய அம்பாசிடர் என்ஜினும் ஒரு காலத்தில் இன்னொரு ஆர்சிக்குச் சொந்தம், அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

விண்டேஜ் பதிவு எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். 2021இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாத, அசல் வடிவில் உள்ள வண்டியாக இருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அம்பாசிடர் என்ஜின் போட்ட எம்ஜியை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் என்ன பதில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது கோபப்படாமல் பேசுங்கள். புரோக்கரை விட்டுவிட்டு நேராக எஸ்டேட் ரைட்டரிடம் போனேன், எழுபது தாண்டிய மனிதர். "ஐயா, ரிவெட் புதுசா இருக்குதுங்களே" என்று மட்டும் சொன்னேன். அவர் மறைக்கவேயில்லை. "ஆமாங்க தம்பி, அது மாத்துனதுதானுங்க" என்று ஆரம்பித்தார். பழைய முதலாளி சேலத்திலிருந்து ஏறும்போது பதினோராவது கொண்டை ஊசி வளைவில் வண்டி கொதித்து நின்றிருக்கிறது. கூட வந்த பையன் பதற்றத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து அப்படியே ஊற்ற, பிளாக் டப்பென்று விரிசல் விட்டிருக்கிறது. கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதுதான் நடக்கும், மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் அரை மணி நேரம் காத்திருப்பது சும்மா இல்லை. அப்புறம் சேலத்தில் ஒரு அம்பாசிடர் என்ஜினை இறக்கி, ஆர்சியோடு தகராறு வேண்டாமே என்று தகட்டை மட்டும் பெயர்த்து இதில் அடித்துவிட்டார்கள். ரிவெட் புதிதாக இருந்தது ஏனென்றால் விற்பதற்கு முன் தொங்கிக்கொண்டிருந்த தகட்டை யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, புரோக்கர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்ட விலையிலிருந்து எவ்வளவு குறைப்பது? நான் போட்ட கணக்கு இது: ஓடுகிற நிலையில் ஒரு 15ஜிபி என்ஜினை வெளிநாட்டில் வாங்கி, கப்பல் கூலி, சுங்க வரி கட்டி சேலம் கொண்டுவந்து சேர்க்க ஆகும் செலவு முழுவதையும் கழி. அதற்கு மேல், அப்படிக் கொண்டுவந்தாலும் மேட்சிங் ஆகாது என்பதற்காக இன்னும் கொஞ்சம் கழி. இந்த இரண்டாவது கழிவை விற்கிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பிடிவாதமாக நில்லுங்கள். கேட்ட தொகையில் கால்வாசிக்கு மேல் இறங்கியது.

இறங்கியபின் ஒரு கேள்வி கேட்டேன், இதை நீங்களும் கண்டிப்பாகக் கேளுங்கள்: "பழைய என்ஜின் எங்கங்க?" எஸ்டேட்டில் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள். ரைட்டர் காபிக் களத்துக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்து, சாணியும் காபித் தோலும் அப்பிக்கொண்டு ஒரு நாலு சிலிண்டர் பிளாக் கிடந்தது. டூத் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வலது பக்கம் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஆணி பெயர்ந்த காலி ஓட்டைகள். ஷெட்டில் தகட்டின் மேல் எடுத்த பென்சில் பிரிண்டில் இருந்த ஓட்டை இடைவெளியை வைத்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்தியது. கோர்ட்டில் செல்லுமா என்றால் செல்லாது. எனக்குப் போதும்.

பல்பருக்கு முட்டுக்கொடுக்க நாலு ஹாலோ பிளாக்கும் ரைட்டருக்கு இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்து அதைத் தூக்கி வந்தேன். கொண்டலாம்பட்டியில் ஒரு லேத்காரர் விரிசலைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெல்டிங் வேண்டாம், வரிசையாக ஓட்டை போட்டு மரை ஆணி முறுக்கித் தைத்துவிடலாம், நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். கிராங்க் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை வண்டி அம்பாசிடர் என்ஜினிலேயே ஓடுகிறது, ஆர்டிஓ ஆபீஸில் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்துவிட்டேன், தகடு என் மேஜை டிராயரில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை குப்பனூர் ரோடு வழியாக மேலே ஏறிப் பார்த்தேன், டெம்ப்ரேச்சர் முள் பாதிக்கு மேல் போகவில்லை. ஆர்பிஎம் முள் இன்னும் பூஜ்யத்தில்தான்.